காபி வாசனை திரும்பி வந்தது, ஆனால் காபியாக வரவில்லை

வரவுசெலவு:

வணக்கம். இரண்டு மாதமாக இந்த இணைய மன்றத்தில் மற்றவர்கள் எழுதியதைப் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். இன்றுதான் எழுதுகிறேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு வயது 47. வீட்டிலிருந்தே கணக்கு எழுதும் வேலை. ஏழு மாதத்துக்கு முன் கோவிட் வந்தது. மூன்று நாள் காய்ச்சல், ஒரு வாரம் இருமல், அவ்வளவுதான். நான்காம் நாள் காலை முகம் கழுவும்போது ஏதோ குறைவதுபோல் தோன்றியது. சோப்பை மூக்கோடு ஒட்டிப் பிடித்து இழுத்தேன். ஒன்றும் இல்லை. மூக்கடைப்பும் இல்லை. காற்று தாராளமாகப் போய்வந்தது, வெறும் காற்று.

முதல் மூன்று மாதம் அப்படியே போனது. இப்போது அந்த மூன்று மாதத்தை நினைத்தால் நல்ல காலம் என்று தோன்றுகிறது, சிரிக்காதீர்கள். உப்பு, புளிப்பு, இனிப்பு, கசப்பு நாக்குக்குத் தெரிந்தன. மிளகாய் எரிந்தது. மற்றபடி எதைச் சாப்பிட்டாலும் ஈர அட்டை. ஒருநாள் அடுப்பில் பாலை வைத்துவிட்டுப் பக்கத்து மேசையில் கணக்கு சரிபார்த்துக்கொண்டிருந்தேன். ஆறடி தூரம்கூட இருக்காது. பால் பொங்கி, வற்றி, பாத்திரம் கறுத்துப் புகை கிளம்பிய பிறகு மகள் உள்ளறையிலிருந்து ஓடி வந்து அடுப்பை அணைத்தாள். நான் அப்போதும் ஒரு கூட்டல் பிழையைத் தேடிக்கொண்டிருந்தேன்.

நான்காம் மாதம் ஒரு காலையில் காபி வாசனை வந்தது. சத்தியமாக வந்தது. "வந்துடுச்சு!" என்று கத்தினேன். அடுத்த மூச்சில் கோப்பையைத் தொட்டியில் கவிழ்த்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினேன்.

அந்த நாற்றத்தை எப்படிச் சொல்ல? வாடை, வீச்சம், கவிச்சி, முடை, கருகல், ஊசல் என்று நம்மிடம் கெட்ட வாசனைக்கு எத்தனையோ சொல் இருக்கிறது. எதுவும் பொருந்தவில்லை. தீய்ந்த ரப்பர் பாதி, அழுகிய ஏதோ ஒன்று பாதி, அதன்மேல் ஒரு அசட்டு இனிப்பு. காபியோடு நின்றிருந்தால்கூடச் சரி. வெங்காயம் வதக்கினால் அதே நாற்றம். பூண்டு, முட்டை, வறுத்தது எதுவானாலும், பற்பசை, ஷாம்பு, எல்லாம் அதே ஒன்று. வீட்டில் எலிதான் செத்துக் கிடக்கிறது என்று பீரோவை நகர்த்திப் பார்த்தேன்.

சொல்லக் கூச்சமாக இருக்கிறது, ஆனால் முகம் தெரியாத இடம்தானே. கழிப்பறையில் நாற்றமே இல்லை. அங்கேதான் நிம்மதியாக மூச்சு விடுகிறேன்.

எடை ஆறு கிலோ குறைந்துவிட்டது. காது மூக்கு தொண்டை மருத்துவர் விளக்கு அடித்துப் பார்த்து, "உள்ளே சுத்தமா இருக்கு, நாளாவட்டத்தில் சரியாகும்" என்றார். இரண்டு நிமிடம். வீட்டுக்காரர் நல்ல மனிதர், ஆனால் "எல்லாம் மனசுதான், அதையே நினைக்காதே" என்கிறார். என் மேலேயே நாறுகிறதோ என்று ஒரு நாளைக்கு மூன்று முறை குளிக்கிறேன். நாறுகிறதா இல்லையா என்று சொல்ல என் மூக்குக்குத் தெரியாதே.

இதெல்லாம்கூடப் பரவாயில்லை. மகளுக்குப் பன்னிரண்டு வயது. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பின்னாலிருந்து கழுத்தைக் கட்டிக்கொள்வாள். அவள் தலைமுடி என் முகத்தில் விழும். ஷாம்பு. நான் முகத்தைத் திருப்பிவிட்டேன். வேண்டுமென்று இல்லை, கழுத்து தானாகத் திரும்பிவிடுகிறது. இரண்டாம் முறையும் அப்படித்தான். மூன்றாம் நாள் அவள் வரவில்லை. ராத்திரி, "அம்மா, என் மேல நாறுதா?" என்று கேட்டாள்.

கேள்விக்கு வருகிறேன். ஒன்றுமே இல்லாமல் இருந்து இப்படித் தப்பாக வருவது குணமாவதன் அடையாளமா, மோசமாவதன் அடையாளமா? ஏதாவது செய்ய வேண்டுமா, சும்மா காத்திருக்க வேண்டுமா? அந்தப் பிள்ளைக்கு என்ன சொல்வது?

—

பழைய குடை:

அக்கா, முதலில் ஒன்று. மனசு இல்லை, மூக்குதான். இதற்குப் பரோஸ்மியா என்று பெயர். இருக்கிற வாசனை திரிந்து தெரிவது. எதுவுமே இல்லாத இடத்தில் புகை, கருகல் என்று தெரிந்தால் அது ஃபான்டோஸ்மியா. எனக்கு இரண்டும் இருந்தன. வீட்டுக்காரரிடம் இந்தப் பெயரைச் சொல்லுங்கள். பெயர் இருக்கிறது என்று தெரிந்தாலே பாதிப் பேர் "மனசுதான்" என்பதை விட்டுவிடுவார்கள்.

எனக்கு வந்து இரண்டரை வருடம் ஆகிறது. உங்களைப் போலவேதான்: முதலில் சூனியம், மூன்றாம் மாதத்தில் சாக்கடை. இப்போது முக்கால்வாசி திரும்பிவிட்டது. எப்போது மாறியது என்று தேதி சொல்ல முடியாது. ஒருநாள் பேருந்தில் பக்கத்து ஆள் ஆரஞ்சு உரித்தார், அது ஆரஞ்சாகவே இருந்தது.

சாப்பாடுதான் இப்போது அவசரம், ஆறு கிலோ என்பது சின்ன விஷயம் இல்லை. சூடாக எதையும் சாப்பிடாதீர்கள். ஆவியில்தான் வாசனை ஏறி வருகிறது. அறைச் சூட்டுக்கோ அதற்குக் கீழேயோ ஆற விட்டால் பாதி நாற்றம் குறையும். வறுத்தது, வதக்கியது, பொன்னிறமாகச் சிவந்தது எதுவும் வேண்டாம். வேகவைத்தது, வெள்ளையானது, சப்பென்று இருப்பது பக்கம் போங்கள். எனக்கு வெறும் சோறு, குளிர்ந்த தயிர், வாட்டாத ரொட்டி, வெள்ளரிக்காய், இவை நான்கும்தான் ஐந்து மாதம் ஓட்டின. முட்டையும் இறைச்சியும் போய்விட்டால் புரதம் குறையும், அதற்குத் தயிரையோ வேறு எதையோ பிடித்துக்கொள்ளுங்கள். நீச்சல்காரர்கள் மூக்கில் மாட்டும் கிளிப் இருக்கிறதே, அதை மாட்டிக்கொண்டும் சாப்பிட்டிருக்கிறேன். பார்க்கக் கோமாளி மாதிரி இருக்கும். வயிறு நிறைந்தது. பற்பசையில் புதினா காட்டம் இல்லாததாகத் தேடுங்கள், குழந்தைகளுக்கான பழ வாசனைப் பசை எனக்கு ஒத்துக்கொண்டது.

குளியல் விஷயம்: நானும் அந்தப் பைத்தியத்தில் இருந்தேன். நம்பகமான ஒரே ஒரு ஆளை நியமித்துக்கொள்ளுங்கள். "நாறினால் நீயே சொல்லு, நான் கேட்க மாட்டேன்" என்று ஒப்பந்தம். எனக்குத் தங்கை. இரண்டரை வருடத்தில் ஒரே ஒரு தடவைதான் சொன்னாள், அதுவும் செருப்பைப் பற்றி.

—

நடுநிசி:

எல்லோரும் ஏன் இவ்வளவு குழப்பிக்கொள்கிறீர்கள்? துத்தநாகம் கலந்த சொட்டு மருந்தை மூக்கில் விட்டால் ஒரு வாரத்தில் சரியாகிவிடும். என் நண்பருக்குச் சரியானது.

—

சோதனைக்குழாய்:

மேலே சொன்னதைத் தயவுசெய்து யாரும் செய்யாதீர்கள். துத்தநாகத்தை மூக்குக்குள் விடும் மருந்துகளால் முகரும் திறனே போய்விடலாம், சிலருக்கு அது நிரந்தரமாகலாம் என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2009லேயே எச்சரித்திருக்கிறது. நண்பருக்குத் தானாகவே சரியாகியிருக்கும். பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் அப்படித்தான் ஆகிறது.

நான் நரம்பியல் படித்தவன், மருத்துவன் இல்லை. அதை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

மூக்கின் உச்சியில், இரண்டு கண்களுக்கும் நடுவே உள்ள உயரத்தில், ஒரு சின்ன சவ்வு இருக்கிறது. முகர்நரம்பு செல்கள் அங்கேதான் இருக்கின்றன. அவற்றைச் சுற்றித் தாங்கு செல்கள் உண்டு. கோவிட் வைரஸ் நரம்பு செல்லுக்குள் நேராகப் போவதில்லை. அது ஒட்டிக்கொள்ளும் ஏஸ்2 புரதம் தாங்கு செல்களில்தான் இருக்கிறது என்று 2020லேயே கண்டார்கள். கடைக்குள் தீ வைக்காமல் கூரையைப் பிடுங்கிய கதை. கூரை போனதும் கடையும் மூடுகிறது. ஃப்ளூ, சாதாரணச் சளி வைரஸ்களும் இந்த இடத்தைக் கெடுப்பதுண்டு, கோவிட் வந்த பிறகுதான் ஊருக்கெல்லாம் தெரிந்தது.

நல்ல சேதி, இந்த நரம்பு செல்கள் வாழ்நாள் முழுவதும் புதிதாக முளைப்பவை. உடம்பில் இப்படிப்பட்ட நரம்பு அபூர்வம். சிக்கலும் அங்கேதான்.

நீங்கள் கணக்கு எழுதுபவர், அதனால் இப்படிச் சொல்கிறேன். மனிதருக்குச் சுமார் 400 வகை முகர் ஏற்பிகள், அதாவது வாசனைப் பொருளைப் பிடித்துக்கொள்ளும் புரதங்கள், உண்டு. (இந்த ஏற்பிகளுக்கான மரபணுக் குடும்பத்தை 1991ல் லிண்டா பக்கும் ரிச்சர்ட் ஆக்ஸலும் கண்டுபிடித்தார்கள், 2004ல் நோபல்.) காபி என்பது ஒரே கணக்கில் விழும் பதிவு இல்லை. அதன் ஆவியில் நூற்றுக்கணக்கான வேதிப்பொருள்கள், ஒவ்வொன்றும் பல ஏற்பிகளில் பற்று வைக்கிறது. மூளை மொத்தத்தைப் பார்த்து "காபி" என்று கையெழுத்துப் போடுகிறது. இப்போது உங்கள் பேரேட்டில் பாதிப் பக்கங்களைக் காணோம். புதிதாக ஒட்டிய பக்கங்களில் சில தப்பான இடத்தில் ஒட்டியிருக்கலாம். மொத்தம் எப்படி இடிக்காமல் இருக்கும்?

எல்லாம் ஏன் ஒரே நாற்றம் என்பதற்கும் ஒரு விளக்கம் இருக்கிறது. ரெடிங் பல்கலைக்கழகத்தில் ஜேன் பார்க்கரின் குழு காபி ஆவியைத் தனித்தனி வேதிப்பொருளாகப் பிரித்துப் பரோஸ்மியா உள்ளவர்களை முகரச் செய்தது. 2022ல் வெளியான ஆய்வு. அதிகம் மாட்டியது 2-ஃபியூரான்மெத்தேன்தையால். கந்தகம் உள்ளது, வறுக்கும்போது உண்டாவது, துளியிலும் துளி இருந்தால்கூட மூக்குக்கு எட்டுவது. சரியான மூக்குக்கு அது வறுத்த காபி மணம். திரிந்த மூக்குக்குத் தாங்க முடியாத அருவருப்பு. வெங்காயம், பூண்டு, இறைச்சி எல்லாவற்றிலும் இந்த மாதிரிக் கந்தகச் சேர்மங்கள் உண்டு. எனவே உங்கள் மூக்கு பொய் சொல்லவில்லை. அங்கே உண்மையாகவே இருக்கிற ஒன்றைத் தனியாகப் பிடித்துக்கொண்டு கத்துகிறது, அதை அடக்கி வைக்கும் மற்ற குரல்கள் இன்னும் வரவில்லை. கழிப்பறை விஷயத்தில் நீங்கள் தனியாள் இல்லை, கூச்சப்பட வேண்டாம். பல பேர் சொல்வதுதான்.

நல்லதா கெட்டதா என்றால், ஒன்றுமே தெரியாததைவிட நல்லது என்றுதான் நினைக்கிறேன். நரம்பு மறுபடி இணைகிறது என்பதால்தான் தப்பாகவாவது தெரிகிறது. ஆனால் மாதக்கணக்கு, சிலருக்கு வருடக்கணக்கு.

செய்யக்கூடியது முகர் பயிற்சி. டிரெஸ்டனில் தாமஸ் ஹும்மல் 2009ல் வெளியிட்டது: ரோஜா, எலுமிச்சை, கிராம்பு, யூகலிப்டஸ். காலையும் மாலையும், 12 வாரம். பின்னால் வந்த ஆய்வுகளில் இன்னும் நீண்ட நாள் செய்ததும், இடையில் வாசனைகளை மாற்றியதும் கூடுதல் பலன் தந்தன. மாயமில்லை, எல்லோருக்கும் பலிப்பதும் இல்லை. ஆனால் கெடுதல் இல்லாதது. மூடியுள்ள சின்னக் கண்ணாடிப் புட்டியில் ஒரு தாளை வைத்து அதில் எண்ணெய்ச் சொட்டு விடுங்கள், மூக்கில் தடவக் கூடாது. ஆழமாக இழுக்காமல் முயல் முகர்வதுபோல் குட்டிக் குட்டி மூச்சு. ஒவ்வொன்றுக்கும் இருபது விநாடி. அந்த இருபது விநாடியும் கைபேசியைப் பார்க்காமல் அந்தப் பொருளை நினைத்துக்கொண்டிருங்கள். சும்மா மூக்கைக் காட்டிவிட்டு வருவது பயிற்சி இல்லை.

ஒரு பக்க மூக்கு மட்டும் அடைப்பு, ரத்தம், தலையில் அடி, காய்ச்சலே இல்லாமல் வாசனை போனது, இவற்றில் ஏதாவது இருந்தால் மறுபடி மருத்துவரிடம் போங்கள், இரண்டு நிமிடத்தில் எழுந்து வராதீர்கள்.

—

தென்றல்:

நான் வேறு கதை. சொல்லாமல் போகலாம் என்று பார்த்தேன், ஆனால் எல்லோரும் சரியானவர்களாகவே எழுதினால் சரியாகாதவர்கள் எங்கே போவது?

எனக்கு 2011ல் ஃப்ளூ. திரும்பவே இல்லை. திரிந்தும் வரவில்லை, சுத்தமாக இல்லை. அப்போது யாரிடம் சொன்னாலும், "கண்ணா போச்சு, காதா போச்சு, மூக்குதானே" என்பார்கள். என் அம்மா இறந்த பிறகு அவர் புடவையை எடுத்து முகத்தில் வைத்துப் பார்த்தேன். துணி.

வாழ முடிகிறது, அதையும் சொல்ல வேண்டும். மொறுமொறுப்பு, குளிர்ச்சி, எலுமிச்சைப் புளிப்பு, மிளகின் காரம் என்று சாப்பாட்டை வேறு வழியில் ரசிக்கப் பழகிவிட்டேன். காரமும் புதினாவின் குளுமையும் வேறு நரம்பு வழியாகப் போவதால் தப்பித்தன. சமைத்த தேதியை டப்பாவில் எழுதி ஒட்டுகிறேன், முகர்ந்து பார்த்துச் சாப்பிட வழியில்லையே.

உங்கள் பால் பாத்திரக் கதையைப் படித்ததும் வயிறு கலங்கியது. எரிவாயுக் கசிவு காட்டும் கருவியையும் புகை எச்சரிக்கைக் கருவியையும் இன்றைக்கே வாங்கி மாட்டுங்கள். எரிவாயுவுக்குச் சொந்த வாசனை கிடையாது, நாம் கண்டுபிடிக்கத்தான் மெர்காப்டன் என்ற நாறும் கந்தகப் பொருளைக் கலக்கிறார்கள். அதுவும் கந்தகம் என்பதைக் கவனியுங்கள். உங்கள் மூக்கு அதை வெங்காயம் என்று நினைத்து ஒதுக்கிவிடக் கூடும்.

—

பழைய குடை:

தென்றல் அம்மா சொன்னதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

வரவுசெலவு அக்கா, மகள் கேள்வியை யாரும் தொடவில்லை. உள்ளதைச் சொல்லிவிடுங்கள். பன்னிரண்டு வயதுக்குப் புரியும். "உன் மேல நாறல, என் மூக்கு தப்பா படிக்குது" என்று. அப்புறம் ஷாம்புவை வாசனையில்லாததாக மாற்றுங்கள். அதற்கு ஒரு நாள் போதும்.

—

வரவுசெலவு:

ஐந்து மாதம் கழித்து எழுதுகிறேன். பதில் எழுதிய எல்லோருக்கும் அன்றே நன்றி சொல்லியிருக்க வேண்டும், மன்னியுங்கள். படித்துவிட்டு அழுதேன், அப்புறம் கணக்கு முடிக்கும் மாதம் வந்துவிட்டது.

தென்றல் அம்மா, இரண்டு கருவியும் அந்த வாரமே மாட்டியாயிற்று. புகைக் கருவி தேவையில்லாமல் மூன்று முறை அலறியது. அலறட்டும்.

சோதனைக்குழாய் தம்பி, பேரேடு உதாரணத்தை வீட்டுக்காரரிடம் அப்படியே படித்துக் காட்டினேன். "சரி, மனசு இல்லை" என்றார். அன்று முதல் வெங்காயத்தை அவர்தான் வதக்குகிறார், கதவைச் சாத்திக்கொண்டு, ஜன்னலைத் திறந்துவைத்து.

மகளிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அப்போ டெஸ்ட் வைக்கலாமா?" என்றாள். நான்கு புட்டிகளையும் அவள்தான் தயார் செய்தாள். பெயர் எழுதிய சீட்டை அடியில் ஒட்டிவிட்டு என் கண்ணைக் கட்டிவிடுகிறாள். பயிற்சியின்போது என்ன புட்டி என்று தெரிந்து முகர வேண்டும் என்பது அவளுக்குத் தெரியும். அது முடிந்த பிறகு ஞாயிற்றுக்கிழமை மட்டும் இந்தப் பரீட்சை. ஒரு நோட்டில் கோடு போட்டு இடப்பக்கம் வரவு, வலப்பக்கம் செலவு. சரியாகச் சொன்னால் வரவு.

நிலவரம்: எலுமிச்சை இரண்டு மாதமாக எலுமிச்சைதான், சற்று மங்கல். யூகலிப்டஸில் முதலில் குளுமை மட்டும், இப்போது அதன் பின்னால் ஏதோ இலை. வெங்காயம் வெங்காயம் மாதிரி இல்லை, ஆனால் குமட்டவில்லை. பூண்டு அப்படியே சவம். காபியை ஆற வைத்து, பாலை அதிகம் ஊற்றி, நான்கு வாய் குடிக்கிறேன். ஐந்தாம் வாயில் ரப்பர் வந்துவிடுகிறது. எடையில் மூன்று கிலோ திரும்பியது. குளியல் ஒரு நாளைக்கு ஒன்று, வெயில் காலத்தில் இரண்டு. ஆனால் நேற்று மதியம் ஒரு மணி நேரம் வீடு முழுக்கப் புகை வாடை, கருவி அமைதியாக இருந்தது, மகளும் இல்லை என்றாள். எனவே பழைய குடை தம்பி சொன்ன இரண்டாவது ஆசாமியும் எட்டிப் பார்த்துவிட்டார்.

ஷாம்பு மாற்றியாயிற்று. மறுபடி கழுத்தைக் கட்டிக்கொள்கிறாள். ஆனால் கட்டிக்கொள்ளுமுன் ஒரு நொடி நின்று என் முகத்தைப் பார்க்கிறாள். அது இன்னும் போகவில்லை.

போன ஞாயிறு மூன்றாம் புட்டியை நீட்டினாள். நன்றாகத் தெரிந்தது, காரமாக, சூடாக. "கிராம்பு, கண்ணை மூடிக்கிட்டே சொல்வேன்" என்றேன். கண் கட்டித்தான் இருந்தது. ரோஜாவாம். செலவுப் பக்கத்தில் எழுதிக்கொண்டாள், கூடவே அடைப்புக்குறிக்குள் "ரொம்ப நம்பிக்கையாகச் சொன்னார்" என்று.

ஒரு கேள்வி இருக்கிறது. ரோஜாப் புட்டி ஐந்து மாதமாக அதேதான். எண்ணெயே தீர்ந்துபோய் மணம் குறைந்திருக்குமோ? எவ்வளவு நாளைக்கு ஒருமுறை மாற்றுவீர்கள்?

—

பழைய குடை:

நான் மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்றினேன். முதலில் மகளை முகரச் சொல்லுங்கள் அக்கா. அவளுக்கே ரோஜா தெரியவில்லை என்றால் அந்தச் செலவை அடித்துவிட வேண்டும்.